பாடநெறிகளை அழித்தும் வட்டில் இடம் கூடவில்லையா?

மூடில் என்ற இணையவழிக் கற்றல் தளத்தில் 40 பழைய பாடநெறிகளை அழித்தால் இடம் உடனே கிடைக்காது. அவை முதலில் மறுசுழற்சித் தொட்டியில் காப்புப்பிரதியாகப் போய் உட்காரும். நீங்கள் மாற்றாவிட்டால் 7 நாள் இருக்கும். பிறகு கோப்புகள் டிராஷ்டிர் கோப்புறைக்குப் போகும். அதைத் துடைப்பது கிரான், அதாவது குறித்த நேரங்களில் சேவையகத்தில் தானாக ஓடும் பணி.

உங்கள் கிரான் நின்றிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். கடைசியாக எப்போது ஓடியது என்று பாருங்கள். அப்புறம் மூடிலின் கோப்புகள் இருக்கும் ஃபைல்டிர் கோப்புறை, டிராஷ்டிர் இரண்டின் அளவையும், கோப்புறை பிடிக்கும் இடத்தைக் காட்டும் டியூ (du) கட்டளையால் தனித்தனியே எடுங்கள். டிராஷ்டிர் பருத்திருந்தால் சிக்கல் அங்கேதான்.

ஒன்று: ஃபைல்டிருக்குள் கையால் எதையும் அழிக்காதீர்கள். ஒரே பீடிஎஃப் பத்துப் பாடநெறிகளில் இருந்தாலும் அங்கே ஒரு பிரதிதான் இருக்கும்; அதை அழித்தால் பத்திலும் திறக்காது. திருகோணமலையில் நாங்கள் அப்படி அவசரப்பட்டு, பரீட்சை வாரத்தில் விரிவுரைக் குறிப்புகள் திறக்காமல் பட்ட பாடு இருக்கிறதே!