ஓடும் வண்டியில் வைஃபை: கையால் செய்த ஆன்டெனா எதற்கு உதவும்?

ஓடும் வண்டியில் கம்பியில்லா இணைப்பு பற்றியும் வீட்டிலேயே செய்யும் ஆன்டெனாக்கள் பற்றியும் வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன். பலரும் எத்தனை டெசிபல் (சிக்னல் வலிமையை ஒப்பிடும் அளவு) கூடும் என்றே கேட்டிருக்கிறீர்கள். வண்டி ஓடும்போது எத்தனை நொடி கிடைக்கும் என்பதே முதலில் பார்க்க வேண்டியது.

கேள்வி: தகர டப்பாவில் செய்த ஆன்டெனா மொட்டை மாடியில் அருமையாக வேலை செய்கிறது. அதையே காரின் கூரையில் பொருத்தினால் சாலையோர வைஃபை கிடைக்குமா?

பதில்: நின்ற இடத்தில் கிடைக்கும், ஓட்டத்தில் கிடைக்காது. டப்பா ஆன்டெனா புதிதாக ஆற்றலை உண்டாக்குவதில்லை. எல்லாத் திசைக்கும் போக வேண்டியதை ஒரே திசையில் குவிக்கிறது. வண்டி ஒரு வளைவில் திரும்பினால் குவிந்த கற்றை வேறெங்கோ போய்விடும். திசைச் சிக்கலை விட்டுவிட்டாலும் நேரச் சிக்கல் இருக்கிறது. ஒரு ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை சிக்னலைப் பரப்பும் கருவி) சுற்றிலும் 100 மீட்டருக்கு எட்டுகிறது என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நொடிக்கு 20 மீட்டர் வீதம் செல்லும் கார் அந்த வட்டத்தை 10 நொடியில் கடந்துவிடும். அதற்குள் உங்கள் கருவி அந்த இணைப்பைத் தேடிக் கண்டுபிடித்து, கடவுச்சொல்லைச் சரிபார்த்து, ஐபி முகவரி பெற்று, அதன்பிறகே முதல் பக்கத்தைக் கேட்க வேண்டும். வாகனங்களுக்கென்றே 2010-இல் வெளிவந்த வைஃபை தரநிலை இந்தச் சேரும் சடங்கையே விட்டுவிட்டு நேரடியாகத் தகவல் அனுப்ப வழி செய்ததற்குக் காரணம் இதுதான்.

கேள்வி: வேகமாகப் போனால் அதிர்வெண் மாறி இணைப்பு அறுந்துவிடும் என்கிறார்களே?

பதில்: மாறும், ஆனால் பொருட்படுத்தும் அளவுக்கு அல்ல. மணிக்கு 100 கிலோமீட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை ஏறத்தாழ 220 ஹெர்ட்ஸ் மட்டுமே விலகும். இன்று பரவலாக உள்ள வைஃபை வகைகளில் தகவலைப் பங்கிட்டுச் சுமக்கும் துணை அலைகளுக்கு இடையிலான இடைவெளியோ பல்லாயிரம் ஹெர்ட்ஸ். உண்மையான தொல்லை, சுவர்களிலும் மற்ற வண்டிகளிலும் பட்டுத் திரும்பும் அலைகள் நேர் அலையோடு மோதிச் சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துவிடுவது. சிவப்பு விளக்கில் நின்றிருந்தபோது முழுதாக இருந்த சிக்னல், முன்னால் ஒரு சாண் நகர்ந்ததும் ஒற்றைக் கோடாகச் சுருங்கியதை நானே பார்த்திருக்கிறேன். சிக்னல் இப்படி விழும் பள்ளங்கள் அரை அலைநீளத்துக்கு, அதாவது சுமார் 6 சென்டிமீட்டருக்கு ஒன்றாகக்கூட வரலாம். இரண்டு ஆன்டெனா உள்ள ரவுட்டர் இங்கே கைகொடுக்கும்; ஒன்று பள்ளத்தில் இருக்கும்போது மற்றது மேட்டில் இருக்க வாய்ப்புண்டு.

கேள்வி: அப்படியானால் வண்டிக்கு எதைச் செய்து பொருத்துவது?

பதில்: கால் அலை ஆன்டெனா. ஒரு என் வகை (N-type) கனெக்டர், அதாவது ஆன்டெனாவைக் கேபிளோடு இணைக்கும் திருகு முனை, கொஞ்சம் தடித்த செம்புக் கம்பி, அவ்வளவுதான். 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 123 மில்லிமீட்டர். நடுக்கம்பி அதில் கால் பங்கு, ஏறக்குறைய 31 மில்லிமீட்டர். கனெக்டரின் நான்கு மூலைத் துளைகளிலும் அதே நீளத்துக்குக் கம்பிகளைப் பற்றவைத்து, 45 பாகை கீழ்நோக்கி வளைத்தால் மின்மறுப்பு (மாறுமின்னோட்டத்துக்கு ஆன்டெனா காட்டும் தடை) 50 ஓம் அருகில் வந்து கேபிளோடு பொருந்தும். உலோகக் கூரையின் நடுவில் வைத்தால் கூரையே அந்த நான்கு கம்பிகளின் வேலையைச் செய்துவிடும். நான் முதலில் செய்தபோது கனெக்டரின் குழிக்குள் புதைந்த பகுதியையும் சேர்த்து 31 மில்லிமீட்டர் அளந்துவிட்டேன். வெளியே நின்றது 27 மட்டுமே, ஆன்டெனா 2.7 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் போய் உட்கார்ந்துகொண்டது. வெளியே தெரியும் நீளத்தை மட்டும் அளக்க வேண்டும். கம்பி செங்குத்தாக நிற்கட்டும். எதிர்முனை செங்குத்தாக இருக்க உங்களுடையது படுத்திருந்தால் பெரும்பகுதி சிக்னல் வீணாகும்.

கேள்வி: 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள டப்பாவில் செய்தேன், சரியாக எடுக்கவில்லை. நிறுத்திய வண்டியில்தான் சோதித்தேன்.

பதில்: டப்பா பெரிதாகிவிட்டது. விட்டம் சுமார் 7.3 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் இந்த அலை டப்பாவுக்குள் பயணிக்கவே முடியாது, 9.5-ஐத் தாண்டினால் வேண்டாத இன்னொரு அலை வடிவமும் உள்ளே கிளம்பிக் கற்றையைக் குலைத்துவிடும். 8 முதல் 9 வரை நல்லது. டப்பாவின் பின்சுவரிலிருந்து, உள்ளே சிக்னலை எடுக்கும் கம்பி இருக்க வேண்டிய தூரத்தையும் 31 மில்லிமீட்டர் என்று பலர் வைத்துவிடுகிறார்கள். டப்பாவுக்குள் அலைநீளம் நீண்டுவிடுவதால், 8.3 சென்டிமீட்டர் விட்டத்துக்கு அந்தத் தூரம் சுமார் 6.2 சென்டிமீட்டர்.

கேள்வி: ரவுட்டர் டிக்கியில், ஆன்டெனா கூரையில். நடுவே 5 மீட்டர் ஆர்ஜி-58 (மெல்லிய ஆன்டெனா கேபிள் வகை) கேபிள் போதுமா?

பதில்: வேண்டாம். அந்தக் கேபிள் இந்த அதிர்வெண்ணில் மீட்டருக்கு ஒரு டெசிபல் வரை விழுங்கும். 5 மீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். ரவுட்டரைக் கூரைக்கு அருகே ஏற்றிவிட்டு, ஈதர்நெட் கேபிளை நீளமாக இழுங்கள்.

கேள்வி: எஞ்சினை முடுக்கும்போதெல்லாம் ரவுட்டர் அணைந்து எழுகிறது.

பதில்: ஸ்டார்ட்டர் மோட்டார் சுழலும் கணத்தில் 12 வோல்ட் பேட்டரி 9-க்கும் கீழே சரியலாம், ஓடும்போது 14-ஐத் தாண்டும். இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கிச் சீரான 12 வோல்ட் தரும் கன்வெர்ட்டரை இடையில் போடுங்கள்.

கேள்வி: பேருந்துப் பயணிகளுக்கு வழி முழுதும் இணையம் தர வேண்டும்.

பதில்: சாலையோர வைஃபையை நம்ப வேண்டாம். சிம் போட்ட 4ஜி ரவுட்டரை வைத்து, அதிலிருந்து உள்ளே வைஃபை கொடுங்கள். எப்போது அடுத்த கோபுரத்துக்குத் தாவ வேண்டும் என்பதை அங்கே நெட்வொர்க் தீர்மானிக்கிறது. மணிக்கு 350 கிலோமீட்டர் வேகத்துக்கும் ஈடுகொடுக்கும்படி அது வடிவமைக்கப்பட்டது. வைஃபையில் அந்த முடிவு கருவியின் கையில் இருப்பதால், தேய்ந்துபோன பழைய இணைப்பையே அது பிடித்துக்கொண்டிருக்கும். உலோகப் பூச்சுள்ள கண்ணாடி சிக்னலை மறைப்பதால் 4ஜி ஆன்டெனா மட்டும் வெளியே இருக்கட்டும்.

கேள்வி: ஆன்டெனாவோடு ஒரு பூஸ்டரும் சேர்க்கலாமா?

பதில்: அனுப்புவதை மட்டும் கூட்டும் பூஸ்டரால், தொலைவிலிருந்து வரும் மெல்லிய பதில் வலுப்பதில்லை, நல்ல ஆன்டெனாவோ போகவும் வரவும் இரண்டுக்கும் உதவும். சட்ட வரம்பும் உண்டு. ஐரோப்பிய நாடுகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு உச்ச அளவு 100 மில்லிவாட், அதுவும் ஆன்டெனா குவிப்பதையும் சேர்த்துக் கணக்கிட்டது. உங்கள் நாட்டு வரம்பைப் பார்த்துவிட்டு, குவிப்பு கூடும் அளவுக்கு ரவுட்டரின் அனுப்பும் திறனைக் குறைத்து வையுங்கள்.