மிதித்தால் திணறும் பழைய 800: முதலில் பெட்ரோல் வழியைப் பாருங்கள்

அண்ணே, கானாடுகாத்தான் வீட்டில் ஆறு மாதம் பூட்டிக் கிடந்த கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) உள்ள மாருதி 800, ஐடிலில் (மிதிக்காமல் விட்டால்) ஒழுங்காக ஓடுகிறது, ஆக்ஸிலேட்டரை மிதித்தால் திணறுகிறது, ஆள் ஏற்றிக்கொண்டு காரைக்குடி போனால் இழுவையே இல்லை என்கிறீர்கள். ஸ்பார்க் பிளக்கை அப்புறம் பார்க்கலாம். திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வெளியே வரும் நம்ம ஊர் வண்டிகளுக்கு இது பழகிய நோய்தான். நின்ற பெட்ரோல் பிசினாகி ஜெட்டை (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சின்னத் துளை) அடைக்கும், டேங்க் துரு ஃபில்டரில் சேரும். முதலில் பெட்ரோல் ஃபில்டரை மாற்றுங்கள், செலவு குறைவு.

சரியாகவில்லையா? இன்ஜினை அணைத்து ஆறவிட்டு, ஏர் ஃபில்டரைக் கழற்றி, ஒருவரை ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொல்லிவிட்டு கார்புரேட்டர் வாய்க்குள் பாருங்கள் (பீடி, சிகரெட் பக்கத்தில் கூடாது). பெட்ரோல் பீய்ச்சி அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் ஆக்ஸிலேட்டர் பம்பின் (மிதிக்கும்போது கூடுதல் பெட்ரோல் பீய்ச்சும் பாகம்) டயாஃப்ரம், அதாவது சவ்வு, கிழிந்திருக்கும், அல்லது அதன் துளை அடைத்திருக்கும். நன்றாக அடித்தும் திணறினால்தான் பிளக், டைமிங் (பிளக்கில் தீப்பொறி வரும் நேரம்) பக்கம் போங்கள்.