பாத்ரூம் சுவரில் உட்காரும் குட்டிப் பூச்சி கடிக்குமா?

கேள்வி: எங்கள் அபார்ட்மெண்ட் பாத்ரூம் சுவரில் சாம்பல் நிறத்தில், உடம்பெல்லாம் ரோமத்தோடு குட்டிக் குட்டிப் பூச்சிகள் உட்கார்ந்திருக்கின்றன. இவைதான் ‘காலா அசார்’ காய்ச்சலைப் பரப்பும் மணல் ஈ என்று வாட்ஸ்அப்பில் படம் வந்தது. வீட்டில் 3 வயது மகன் இருக்கிறான். ஃபினாயில், ஆசிட், பிளீச்சிங் பவுடர் எல்லாம் போட்டும் போகவில்லை. என் தம்பி வேலைக்காக பீகாரில் முசாபர்பூர் பக்கம் தங்கியிருக்கிறான். அவனுக்கு ஆபத்து உண்டா?
– வாசகி, வேளச்சேரி

பதில்: உங்கள் வீட்டில் இருப்பது மணல் ஈ இல்லை, சாக்கடை ஈ. இரண்டும் ஒரே குடும்பம் என்பதால் படத்தில் பார்த்தால் குழப்பம் வரும். சாக்கடை ஈ கடிக்காது, ரத்தம் குடிக்காது. மகனைப் பற்றிப் பயப்பட வேண்டாம். தம்பி விஷயம் வேறு.

உட்கார்ந்திருக்கும்போது சிறகைக் கவனியுங்கள். சாக்கடை ஈ சிறகைத் தாழ்த்தி வைத்திருக்கும். மேலிருந்து பார்த்தால் இதய வடிவம் தெரியும். அடித்தால் சுவரில் சாம்பல் பொடி ஒட்டும். மணல் ஈ வைக்கோல் நிறம், 3 மி.மீ.க்கு மேல் இருக்காது. சிறகை ஆங்கில ‘வி’ எழுத்துபோல் தூக்கி வைத்துக்கொள்ளும். கொசுபோல் ரீங்காரமும் கிடையாது.

ஃபினாயிலுக்கு ஏன் போகவில்லை? குழாயின் உள்சுவரில் சோப்பும் முடியும் அழுக்கும் சேர்ந்து வழவழப்பாகப் படிந்திருக்கும். புழுக்கள் அதற்குள்தான் வாழ்கின்றன. ஊற்றுவது மேலாக ஓடிவிடும். ராத்திரி தரை ஜாலியின் மேல், பசை கீழே பார்க்கும்படி டேப் ஒட்டிவையுங்கள். காலையில் பூச்சி ஒட்டியிருந்தால் அந்தக் குழாய்தான். ஜாலியைக் கழற்றி, நீளமான பிரஷ்ஷால் உட்புறத்தைத் தேய்த்து வழித்தெடுங்கள். முட்டை ஈயாக இரண்டு மூன்று வாரம் ஆகும், அதுவரை வாரம் ஒரு தடவை தேய்க்க வேண்டும். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்து ஊற்றாதீர்கள். கிளம்பும் குளோரின் புகை அந்த ஈயைவிட உங்கள் மகனின் நுரையீரலுக்குத்தான் கெடுதல்.

சிலர் கம்மோடில் நெளியும் புழுவைப் பாட்டிலில் பிடித்து, ‘சிறுநீரில் வந்தது டாக்டர்’ என்று கொண்டுவருவார்கள். பெரும்பாலும் அது இந்த ஈயின் புழு, வந்தது குழாயிலிருந்து. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மட்டும், செத்த ஈக்களின் பொடி அபூர்வமாக ஒவ்வாமையைத் தூண்டலாம்.

இனி மணல் ஈ. உலகில் சுமார் 1,000 வகை உண்டு. மனிதருக்கு நோய் பரப்புபவை அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கடிப்பது பெண் ஈ மட்டுமே. தண்ணீரில் முட்டையிடாது, மாட்டுத் தொழுவத்து ஈர மண், மண் சுவர் வெடிப்பு, இதெல்லாம்தான் அதற்கு இடம். பீகார், ஜார்க்கண்ட் கிராமங்களில் காலா அசாரைப் பரப்புவது ஃபிளெபோடோமஸ் அர்ஜென்டிபெஸ் என்ற வகை. கிருமியை 1903-ல் கண்டறிந்த இருவரில் ஒருவரான சார்லஸ் டோனவன், நம் சென்னை பொது மருத்துவமனையில் வேலை பார்த்தவர். ஈதான் பரப்புகிறது என்பதை ஐயமின்றி நிரூபிக்க 1942 வரை ஆனது.

இதே வகை ஈ நம் ஊரிலும் இருக்கிறது. ஆனால் ஈ இருந்தால் மட்டும் நோய் வராது. இந்தியாவில் காலா அசார் கிருமிக்கு மனிதனே இருப்பிடம். நோயாளியைக் கடித்த ஈ அடுத்தவரைக் கடிக்க வேண்டும். இலங்கையில் இன்னொரு வேடிக்கை. அனுராதபுரம், அம்பாந்தோட்டை பக்கம் அதே இனக் கிருமி காய்ச்சலுக்குப் பதில் பெரும்பாலும் தோலில் வலியில்லாத, ஆறாத புண்ணைத்தான் உண்டாக்குகிறது. அங்கே போய் வந்தவருக்கு மாதக்கணக்கில் ஒரு புண் ஆறாவிட்டால், களிம்பு மாற்றி மாற்றிப் போடாமல் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

உங்கள் தம்பி டவுனில் சிமென்ட் வீட்டில் இருந்தால் ஆபத்து குறைவு. மண் வீடு, பக்கத்தில் தொழுவம் என்றால், பூச்சிமருந்து ஊட்டிய, கண் நெருக்கமான கொசுவலை வாங்கச் சொல்லுங்கள். சாதாரண வலைக்குள் மணல் ஈ புகுந்துவிடும். தரையில் படுக்காமல் கட்டிலில் படுப்பது நல்லது. மருந்தடிக்க அரசு ஆட்கள் வந்தால் ‘நாற்றம்’ என்று திருப்பி அனுப்ப வேண்டாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் விடாத காய்ச்சல், உடல் மெலிவு, இடது விலாவுக்குக் கீழே கனம் இருந்தால், விரல் நுனி ரத்தத்தில் காலா அசாருக்கான ஆர்கே39 பரிசோதனை செய்வார்கள். சில நிமிடங்களில் முடிவு தெரியும். சரியான நேரத்தில் பிடித்தால் லைபோசோமல் ஆம்போடெரிசின் பி என்ற மருந்தை ஒரே தடவை ஏற்றுவது பெரும்பாலானவர்களுக்குப் போதும். கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. கடித்துப் பல மாதம் கழித்தும் காய்ச்சல் தொடங்கலாம். தம்பி சென்னைக்குத் திரும்பிய பிறகு அப்படி வந்தால், டாக்டரிடம் முதலில் ‘முசாபர்பூரில் இருந்தேன்’ என்று சொல்லச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் நாங்கள் டைபாய்டு, மலேரியா, காசநோய் என்றுதான் வரிசையாகத் தேடிக்கொண்டிருப்போம்.