செம்மண் தரையில் பிறந்த பாட்டு

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன் ‘சோல் ஃபுட்’ என்ற அமெரிக்க ராப் ஆல்பத்தையே நாள் முழுக்கக் கேட்கிறான். போதைப்பொருள், போலீஸ், தெருச் சண்டை என்றுதான் காதில் விழுகிறது. பிள்ளை கெட்டுவிடுவானோ?
– ஒரு வாசகி, பெருந்துறை

பதில்: பயப்படாதீர்கள் அம்மணி. அந்த ஆல்பத்தை நானும் கேட்டேன். என் பெயரன் பக்கத்தில் உட்கார்ந்து வரிவரியாகப் பொருள் சொன்னான். அமெரிக்காவின் தெற்கில் இருக்கும் அட்லாண்டா நகரத்து இளைஞர்கள் நால்வர், ‘குடீ மாப்’ குழுவினர், 1995இல் வெளியிட்டது.

என்னை உலுக்கியது அவர்கள் பாட்டுக் கட்டிப் பழகிய இடம். இசையமைத்த தோழர்களில் ஒருவருடைய தாய் வீட்டின் நிலவறை. தளம் போடாத செம்மண் தரை. என் அப்பா சென்னிமலையில் தறிக்குழிக்குள் கால்களைத் தொங்கவிட்டுப் போர்வை நெய்தவர். ஐப்பசி மழையில் குழியில் ஈரம் ஊறும். சாக்கை மடித்துக் காலடியில் போட்டுக்கொண்டு மிதிப்பார். நாடா ஓடும் சத்தத்தோடு ஏதாவது பாடிக்கொண்டே இருப்பார். கூலி குறைந்த வாரத்தில் அந்தக் குரல் இன்னும் உரத்துக் கேட்கும்.

அன்று ராப் என்றால் நியூயார்க், லாஸ் ஏஞ்சல்ஸ்தான். அந்த ஆண்டு ஆகஸ்டில் நியூயார்க் விருது விழா ஒன்றில், இவர்களுடைய நண்பர்களான அவுட்காஸ்ட் குழுவினர் பரிசு வாங்க ஏறியபோது கூட்டம் கூச்சலிட்டது. ‘தெற்குக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது’ என்று மேடையிலேயே சொன்னார் அவர்களில் ஒருவரான ஆண்ட்ரே. நம் ‘ஏனுங்க’வைக் கேட்டு வெளியூரில் சிரித்தவர்களுக்கு நடுவே நின்றிருக்கிறேன். அந்தச் சூடு எனக்குத் தெரியும். நவம்பரில் இந்த ஆல்பம் வந்தது.

கெட்ட வார்த்தைகள் உண்டு, மறைக்கமாட்டேன். தெருவில் நடக்கும் போதை வியாபாரமும் உண்டு. ஆனால் தொடக்கமே விடுதலைக்கு ஏங்கும் பாட்டு, கோயிலில் பாடுவது போல. சோல் ஃபுட் என்பது அமெரிக்கத் தெற்கத்திக் கறுப்பின மக்களின் வீட்டுச் சமையல். நமக்கு அரிசிம்பருப்பு எப்படியோ அப்படி. தலைப்புப் பாட்டில் பொரித்த கோழியும் கீரையும் மணக்கின்றன.

தாய்மாரைப் பற்றியும் ஒரு பாட்டு இருக்கிறது. அதைப் போடச் சொல்லி மகனிடம் பொருள் கேளுங்கள். எனக்குச் சொல்லிக்கொண்டிருந்த பெயரன் பாதியில் நிறுத்திவிட்டு, அடுப்படியில் இருந்த அவன் அம்மாவைக் கூட்டிவந்து பக்கத்தில் உட்காரவைத்தான்.