மணலியிலிருந்து ஹான்லேவுக்கு: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

வீடு தண்டையார்பேட்டை. மணலியில் ஓர் ஆலையில் 12 வருஷமாக எலெக்ட்ரிகல் மெயின்டெனன்ஸ். லடாக்கில் ஹான்லே வானாய்வகத்துக்கு, தொலைநோக்கியை மூடியிருக்கும் சுழல் குவிமாடத்தின் மோட்டார், பேனல் வேலைக்காக ஆறு வாரம் அனுப்புகிறார்கள். இதுவரை நான் ஏறிய பெரிய மலை திருப்பதிதான். மனாலி வழியாக ரோட்டில் போனால் ஊர் பார்த்த மாதிரியும் இருக்கும் என்கிறார் கூட வருபவர். மூச்சு முட்டும் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அதைத் தவிர எதில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்?

கு.

அன்புள்ள கு.,

மணலிக்காரர் மனாலி வழியாகப் போக வேண்டாம். பெயர்ப் பொருத்தம் சரி, உயரப் பொருத்தம் இல்லை. மனாலி ஏறத்தாழ 2,050 மீட்டர். அங்கிருந்து கிளம்புகிறவர்கள் வழக்கமாக இரவு தங்கும் சர்ச்சு 4,200க்கும் மேல். பகலில் எவ்வளவு உயரம் ஏறினோம் என்பதைவிட, இரவில் எந்த உயரத்தில் தூங்கினோம் என்பதைத்தான் உடம்பு கணக்கில் எடுக்கிறது. 3,000 மீட்டரைத் தாண்டியபின் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள் என்பது மலை மருத்துவத்தின் அடிப்படை விதி. சாலைதான் வேண்டுமென்றால் ஸ்ரீநகர் வழி தேவலை. கார்கிலில் 2,700 மீட்டர் அளவில் ஓர் இரவு கிடைக்கும். விமானம் நேராக லேவில், 3,500 மீட்டரில் இறக்கிவிடும். முதல் இரண்டு நாள் படிக்கட்டுகூட ஏறாமல் ஓய்வு, அதன்பின் லேவிலேயே இன்னும் இரண்டு மூன்று இரவு. ஹான்லே 4,500 என்பதால் வழியில் ஓர் இரவு தங்க முடிந்தால் இன்னும் நல்லது. மலைநோயைத் தடுக்கும் அசிட்டசோலமைடு மாத்திரை வழக்கமாக 125 மில்லிகிராம், காலை ஒன்று இரவு ஒன்று, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து. இதை டாக்டர் சொல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர் என்றால் அதை முதலில் அவரிடம் சொல்லுங்கள்.

மூச்சு முட்டுவது தெரியும். புத்தி மந்தமாவது தெரியாது. ஹான்லேவிலும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். ஆனால் காற்றழுத்தம் நம் எண்ணூர்க் கடற்கரையில் இருப்பதில் 57 சதவீதம் அளவுக்கே. கடல்மட்டக் கணக்கில் நீங்கள் இழுப்பது 12 சதவீத ஆக்சிஜன். மணலியில் ஆக்சிஜன் மீட்டர் 19.5 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் டேங்குக்குள் யாரையும் இறக்க மாட்டீர்கள் இல்லையா? அங்கே ஆறு வாரமும் அதைவிட மெல்லிய காற்றில்தான் ஸ்பேனர் பிடிக்கப் போகிறீர்கள். உடம்பு பழகினாலும் ஞாபகமும் கணக்கும் முழுசாகத் திரும்புவதில்லை. அதனால் வேலையின் ஒவ்வொரு படியையும் கீழேயே தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மேலே போய் யோசித்துக்கொள்ளலாம் என்ற பேச்சே வேண்டாம்.

இதில் பெரிய ஆபத்து குவிமாடம். அங்குள்ள 2 மீட்டர் ஹிமாலயன் சந்திரா தொலைநோக்கியைப் பெங்களூருக்குப் பக்கத்தில் ஹோசகோட்டேயிலிருந்து செயற்கைக்கோள் இணைப்பு வழியாக இயக்குகிறார்கள். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உட்கார்ந்து குவிமாடத்தைத் திருப்புகிறவருக்கு நீங்கள் ஏணியில் நிற்பது தெரியாது. சிவப்பு அவசர பட்டனை அமுக்கிவிட்டு வேலையில் இறங்கும் பழக்கம் நம் ஆலைகளில் உண்டு. அது கன்ட்ரோல் சர்க்யூட்டைத்தான் நிறுத்தும். மின்சாரத்தையே துண்டிக்கும் மெயின் ஐசொலேட்டரை இறக்கிப் பூட்டி, டேக் மாட்டி, சாவியை உங்கள் பாக்கெட்டில் போடுங்கள். பிறகு ஹோசகோட்டேக்குப் பேசி, அங்கிருந்து திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். அசையவில்லை என்பதை உங்கள் கண்ணால் பார்த்தபின்தான் ஏணி. மோட்டாரை ஓட்டும் டிரைவின் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். லேபிளில் போட்ட நிமிடம் வரை காத்திருந்து, அளந்து பார்த்துத் தொடுங்கள். தொலைநோக்கியில் மாட்டிய கருவி எதையும் கழற்றும்முன் தொலைநோக்கிக் குழாயை அசையாதபடி பூட்ட வேண்டும். எடைச் சமநிலை போனால் அது தானே சாயும்.

உங்கள் மல்டிமீட்டரின் கையேட்டை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் 2,000 மீட்டர் உயரம் வரை என்றுதான் போட்டிருக்கும். மெல்லிய காற்று மின்சாரத்தைக் குறைவாகத்தான் தடுக்கும். மணலியில் பொறி தாவாத இடைவெளியில் அங்கே தாவலாம். மோட்டாரும் லேசில் குளிராது. பெயர்ப்பலகையில் போட்ட முழு லோடை எதிர்பார்க்காதீர்கள். சுழலும் ஹார்ட் டிஸ்க் உள்ள லேப்டாப்பும் வேண்டாம். அதன் ஊசி மிதப்பதே காற்றில்தான். பெரும்பாலும் 3,000 மீட்டர்தான் அதற்கு எல்லை.

தொலைநோக்கியின் கேமராவைக் குளிர்விக்கத் திரவ நைட்ரஜன் இருக்கும். அதற்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. நம் மூக்கு பழகிய அமோனியா மாதிரி எச்சரிக்காது. ஒரு லிட்டர் கொட்டினால் சென்னையில் சுமார் 700 லிட்டர் வாயு. ஹான்லேவில் அழுத்தம் குறைவு என்பதால் ஏறக்குறைய 1,200 லிட்டர். நாலுக்கு நாலு மீட்டர், மூன்று மீட்டர் உயரம் என்று ஓர் அறை. அதில் பத்து லிட்டர் கொட்டிவிட்டால் ஆக்சிஜன் 16 சதவீதத்துக்கு இறங்கும். கடல்மட்டக் கணக்கில் அது 9. ஆள் சுருண்டு விழ அது போதும். கதவைத் திறந்து வைத்து, வாசலில் ஒருவரை நிறுத்திவிட்டு நிரப்புங்கள். சில வகை ஆக்சிஜன் மீட்டர்களை அந்த உயரத்திலேயே திரும்ப அளவு திருத்தாவிட்டால் தப்பாகக் காட்டும்.

தங்கும் அறையில் புகாரி என்னும் கணப்பு அடுப்போ மண்ணெண்ணெய் ஹீட்டரோ எரிந்தால் ஜன்னலைக் கொஞ்சம் திறந்தே வையுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கும் தலைவலி, குமட்டல்தான், மலைநோய்க்கும் அதேதான். அறையில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்து, வெளியே போனதும் தணிந்தால் அடுப்பைச் சந்தேகப்படுங்கள்.

ஆக்சிமீட்டரில் 85 காட்டினால் இங்கே ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம். அங்கே அது சகஜம். குளிர்ந்த விரல் தப்பாகக் காட்டும், தேய்த்துச் சூடாக்கிப் பாருங்கள். எண்ணைவிட ஆளைப் பாருங்கள். குதிகாலை விரலோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்க முடியவில்லையா, மூளையில் வீக்கம். சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கி இருமுகிறாரா, நுரையீரலில் நீர். இரண்டுக்கும் ஆக்சிஜன் கொடுத்தபடியே உடனே இறக்க வேண்டும். ஆனால் ஹான்லே பீடபூமி. இறங்குவது என்றால் லே வரை 250 கிலோமீட்டர் சாலை. ஆகவே டீசல் நிரப்பிய வண்டியும், அதில் நிறைந்த சிலிண்டரும், தூங்காத டிரைவரும் எந்நேரமும் உண்டா என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்முன் கேளுங்கள். உதட்டு வெடிப்புக்குத் தடவிய வாசலின் கையோடு சிலிண்டர் ரெகுலேட்டரைத் தொடாதீர்கள். அழுத்த ஆக்சிஜனும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்தால் தீப்பிடிக்கும்.

தண்ணீர் அங்கே 85 டிகிரியிலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் சோறு வேகாது. வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் எடுக்காது. கிளம்பும்முன் போஸ்ட்பெய்டுக்கு மாற்றிவிட்டு, ஆய்வக அலுவலக எண்ணையும் வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.