விடிய விடியப் படம்: எதை முதலில் போடுவது, எதை விடுவது?

மதுரை திருநகரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். சித்திரைத் திருவிழாவுக்குச் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் சித்தப்பா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள் எல்லாரும் வருகிறார்களாம். பத்து வயதுப் பையனில் தொடங்கி எழுபதைத் தாண்டிய அப்பத்தா வரை 14 பேர். ஒரு ராத்திரி மொட்டை மாடியில் வாடகை புரொஜெக்டர் வைத்து, சாயங்காலம் 6 மணிக்கு ஆரம்பித்துக் காலை 6 மணி வரை ஆறு படம் பார்க்க ஆசை. பட்டியலும் கொடுத்திருக்கிறார்: அந்த நாள், சிவப்பு ரோஜாக்கள், ஊமை விழிகள், எக்ஸார்சிஸ்ட், ஆரண்ய காண்டம், பீட்சா. 'எந்த வரிசையில் போடுவது? அப்பத்தாவுக்கு ரத்தக் கொதிப்பு இருக்கிறது, பேய்ப் படம் காட்டலாமா? வேறு என்ன கவனிக்க வேண்டும்?' என்று கேட்கிறார்.

பட்டியல் அருமையான பட்டியல். ஆனால் ஒரே ராத்திரிக்கான பட்டியல் இல்லை. ஆறு படத்தின் நேரத்தைக் கூட்டினாலே 12 மணி நேரத்தைத் தாண்டிவிடும். சாப்பாடு, டீ, பாத்ரூம், 'ஒரு நிமிஷம் நிறுத்துப்பா' எல்லாம் இனிமேல்தான் சேர வேண்டும். நான்கு படம் வையுங்கள். அந்த நான்கையும் எந்தப் படம் எந்த மணிக்கு என்று பார்த்து அடுக்குங்கள். என்ன படம் என்பதைவிட அதை எப்போது போடுகிறோம் என்பதில்தான் ராத்திரி நிற்கும் அல்லது சரியும்.

இதை நான் கற்றுக்கொண்டது சோழவந்தான் பக்கம் எங்கள் ஊர் மந்தைத் திடலில். கோயில் திருவிழா என்றால் மதுரையிலிருந்து வீடியோ கேசட் ஓட்டும் டெக்கும் டிவியும் வாடகைக்கு வரும். பெஞ்சு மேல் பெஞ்சு போட்டு அதன் மேல் டிவி. டெக் கொண்டுவரும் அண்ணன் மூன்று கேசட் வைத்திருப்பார். சாமி படம் முதலில். கிழவிகளும் குழந்தைகளும் விழித்திருக்கும் நேரம் அது. அடுத்தது அழுகைப் படம். விடியற்காலைக்குச் சண்டைப் படம். ஒரு முறை ஊர்ப் பெரியவர் ஒருவர் சண்டைப் படத்தை முதலில் போடச் சொன்னபோது, 'அதைப் போட்டால் மூணு மணிக்கு மந்தையில் நானும் நாயும்தான் இருப்போம்' என்று அண்ணன் மறுத்துவிட்டார். படம் கோடு கோடாக வந்தால் புது ரூபாய் நோட்டு ஒன்றை மடித்து டெக்கின் ஹெட்டைத் துடைப்பார். அதற்குள் கூட்டம் கலைந்துவிடாமல் இருக்க அடுத்து வரப்போகும் காட்சியைச் சொல்லிக்கொண்டே துடைப்பார். இன்றுவரை நான் திரையிடல்களுக்கு வரிசை போடுவது அவர் சொன்ன கணக்கில்தான்.

அந்தக் கணக்கை ஒரே ஒரு முறை மீறினேன். இருபது பேரோடு ஒரு ராத்திரி. விடியற்காலை 3 மணிக்கு உதிரிப்பூக்கள் போட்டேன். மகேந்திரனின் படம், 1979-ல் வந்தது, நிதானமாக நகரும். ஆற்றங்கரை முடிவு வந்தபோது திரும்பிப் பார்த்தால் எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். படம் பிடிக்காமல் தூங்கவில்லை. 3 மணியிலிருந்து 5 மணி வரை உடம்பு ஆழ்ந்த தூக்கத்தைக் கேட்கும் நேரம். அந்த நேரத்தில் அப்படி ஒரு படத்தைப் போட்டது அந்தப் படத்துக்கு நான் செய்த துரோகம். இப்போதும் மனதில் உறுத்துகிறது.

சரி, உங்கள் ராத்திரிக்கு வருவோம்.

முதலில் எந்த ராத்திரி என்பதை முடிவு செய்யுங்கள். அழகரை ஊரே எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை ராத்திரி வேண்டாம். ஊரே விழித்திருக்கும், தெருவெல்லாம் கொட்டுச் சத்தம், உங்கள் வீட்டுப் பாதிப் பேர் தல்லாகுளத்தில் நிற்பார்கள். அழகர் ஆற்றில் இறங்கிய அன்றும் வேண்டாம். முந்தின ராத்திரி தூங்காதவர்கள் முதல் படத்திலேயே சாய்ந்துவிடுவார்கள். ஒரு நாள் விட்டு அடுத்த நாள் வையுங்கள். பௌர்ணமி ஒட்டிய நாளாயிற்றே, நிலா வெளிச்சம் படத்தைக் கெடுக்குமா என்ற கவலை வேண்டாம். நிலா ஒன்றும் செய்யாது. திரையில் நேராக விழும் தெருவிளக்குத்தான் படத்தை வெளிறடிக்கும். அதற்கு முதுகு காட்டித் திரையைக் கட்டுங்கள்.

அடுத்தது, ராத்திரி முழுக்க மாடியில் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். சட்டத்தை விடுங்கள், பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கலாம், காலை ஷிப்டுக்குப் போகிறவர் இருக்கலாம். ஆகவே ஒரு படம் மாடியில், மீதி மூன்று கீழே ஹாலில். இதை விட்டுக்கொடுப்பது என்று நினைக்காதீர்கள். பேய்ப் படத்துக்கு நான்கு சுவரும் மூடிய கதவும் வேண்டும். காற்று வீசும் மாடியில், தூரத்தில் பஸ் ஹாரன் கேட்கும்போது யாருக்கும் பயம் வராது.

மாடியில் போட உங்கள் பட்டியலில் எதுவும் சரிப்படாது. நான் ஒன்று சேர்க்கிறேன்: காதலிக்க நேரமில்லை. ஸ்ரீதர், 1964, ஈஸ்ட்மென் கலர். பளிச்சென்ற நிறங்கள் என்பதால் சுற்றியுள்ள கொஞ்ச நஞ்ச வெளிச்சத்திலும் தாக்குப்பிடிக்கும். பத்து வயதுப் பையனும் அப்பத்தாவும் ஒரே இடத்தில் சிரிப்பார்கள். பேய்ப் பட ராத்திரிக்கு இது எதற்கு என்று கேட்டால், நாகேஷ் பாலையாவிடம் தன் படத்துக்குக் கதை சொல்லும் காட்சிக்காக. திரையில் பேயே கிடையாது. நாகேஷின் வாய்ச் சத்தம், கை விரல்கள், பாலையாவின் முகம், அவ்வளவுதான். பயம் என்பது சத்தத்திலும் காத்திருப்பிலும் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து தமிழில் இல்லை. ராத்திரி ஒரு மணிக்கு ஹாலில் உட்கார்ந்திருக்கும்போது இந்தக் காட்சி எல்லாருக்கும் ஞாபகம் வரும்.

சித்திரையில் இருட்ட 7 மணி ஆகிவிடும். 7.10-க்கு ஆரம்பித்தால் 10 மணிக்குள் முடிந்துவிடும். மாலை 5 மணிக்கே மாடித் தரையில் இரண்டு முறை தண்ணீர் ஊற்றிவிடுங்கள், இல்லையென்றால் பாய் வழியாகச் சூடு ஏறும். வேட்டியைத் திரையாகக் கட்டாதீர்கள், வெளிச்சம் பாதி பின்பக்கம் போய்விடும். வெள்ளையடித்த படிக்கட்டு அறைச் சுவர் இருந்தால் அதுதான் நல்ல திரை. எட்டடி அகலப் படத்துக்குப் பெரும்பாலான வாடகை புரொஜெக்டர்களைப் பத்திலிருந்து பன்னிரண்டு அடி தள்ளி வைக்க வேண்டியிருக்கும்.

10 மணிக்குக் குழந்தைகளும் படுக்கப் போகிறவர்களும் போகட்டும். இட்லி மாதிரி லேசாகச் சாப்பிடுங்கள். பரோட்டாவும் சால்னாவும் இந்த நேரத்தில் உள்ளே போனால் அடுத்த படத்தைக் கனவில்தான் பார்ப்பீர்கள்.

10.30-க்கு ஹாலில் அந்த நாள். வீணை எஸ். பாலசந்தர் இயக்கியது, 1954. பாட்டுக்காகவே படம் ஓடிய காலத்தில் ஒரு பாட்டுக்கூட இல்லாமல் எடுத்த படம். ஜப்பான்காரன் குண்டு போட்ட 1943-ஆம் வருடச் சென்னை. முதல் சில நிமிடங்களிலேயே சிவாஜி சுடப்பட்டு விழுகிறார். யார் சுட்டது என்று ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்கிறார்கள். ஒரு வசனம் தவறினாலும் முடிச்சு தவறிவிடும், அதனால் மூளை விழித்திருக்கும்போதே இதைப் போட்டுவிட வேண்டும். இடைவேளையில் படத்தை நிறுத்தி, கொலையாளி யார் என்று ஒவ்வொருவரையும் துண்டுச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். அதற்கப்புறம் யாரும் தூங்க மாட்டார்கள்.

இங்கே ஒரு விஷயம். பழைய படங்கள் கிட்டத்தட்டச் சதுரமாக இருக்கும். நாலரை அடி உயரத் திரையில் ஆறடி அகலம்தான் வரும், இரண்டு பக்கமும் கருப்பாக இருக்கும். யாராவது ஒரு தம்பி ரிமோட்டை எடுத்து 'முழுசாத் தெரியட்டும்' என்று இழுத்து விடுவார். சிவாஜியின் முகம் பூசணிக்காயாகிவிடும், பண்டரிபாய் குள்ளமாகிவிடுவார். ஒளிப்பதிவாளர் நிழலை எங்கே நிறுத்தினாரோ அங்கேயே நிற்கட்டும். தயவு செய்து இழுக்காதீர்கள்.

ஒரு மணிக்குப் பீட்சா. கார்த்திக் சுப்பராஜ் நம்ம மதுரைக்காரர். 2012-ல் வந்த அவருடைய முதல் படம். ஒரு பங்களா, விஜய் சேதுபதியின் கையில் ஒரு டார்ச், நீண்ட நேரத்துக்கு அவ்வளவுதான் வெளிச்சம். ஆகவே அறை முழு இருட்டாக இருக்க வேண்டும். ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசரின் சிவப்பு விளக்கு, வைஃபை பெட்டியின் பச்சை விளக்கு எல்லாவற்றின் மேலும் துணி போடுங்கள். முன்பே பார்த்தவர்களைக் கடைசி வரிசையில் உட்கார வைத்து, வாயைத் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொள்ளுங்கள். முறுக்கு, சீடை, சிப்ஸ் பாக்கெட் எதுவும் இந்தப் படத்துக்கு உள்ளே வரக் கூடாது. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும் இடத்தில் ஒருவர் 'நறுக்' என்று கடித்தால் எல்லாருடைய பயமும் போய்விடும். பணியாரம் வையுங்கள், சத்தமே வராது. 12.40 இடைவெளியில் பருத்திப்பால் கிடைத்தால் இன்னும் நல்லது. சாயங்காலம் தள்ளுவண்டியில் வாங்கி வைத்து, சூடு பண்ணிக்கொள்ளலாம். சுக்கும் கருப்பட்டியும் தொண்டைக்கு இதமாக இருக்கும்.

3.30-க்கு ஊமை விழிகள். 1986-ல் திரைப்படக் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து சினிமாஸ்கோப்பில் எடுத்துக் காட்டிய படம். டெக் அண்ணன் கணக்கில் இதுதான் விடியற்காலைப் படம்: குதிரை வண்டி, மர்மம், விஜயகாந்த், எல்லாருக்கும் மனப்பாடமான பாட்டு. நடுவில் பத்து நிமிடம் கண் சொருகினாலும் எழுந்து கதையைப் பிடித்துவிடலாம். 'தோல்வி நிலையென நினைத்தால்' வரும்போது தூங்குகிறவர்களைத் தட்டி எழுப்புங்கள், அதைச் சேர்ந்து பாட வேண்டும். அகலத் திரைப் படம் என்பதால் மேலும் கீழும் கருப்புப் பட்டை வரும். இதையும் இழுக்காதீர்கள்.

விட்டுப்போன மூன்றைப் பற்றி. சிவப்பு ரோஜாக்கள் எனக்கு உயிர். ஆனால் சித்தப்பா, அத்தையோடு உட்கார்ந்து பார்க்கும் படமில்லை. 1978-ல் பாரதிராஜா எடுத்த அதையும், 1980-ல் பாலு மகேந்திரா எடுத்த மூடுபனியையும் பெரியவர்கள் மட்டும் வேறொரு நாள் அடுத்தடுத்துப் பாருங்கள். இரண்டும் கொலைகாரனின் மனதுக்குள் போகும் படங்கள், இரண்டுக்கும் இளையராஜா. மூடுபனி அவருடைய நூறாவது படம். ஒன்றில் இசை துரத்தும், இன்னொன்றில் மூடும். ஆரண்ய காண்டமும் அப்படித்தான், வயது வந்தவர்களுக்கான படம். 2011-ல் தியேட்டரில் ஓடாமல் போய், தேசிய விருது வாங்கி, பார்த்தவர் பார்க்காதவரிடம் சொல்லிச் சொல்லியே வளர்ந்தது. கல்ட் என்ற சொல்லுக்கு நம்மிடம் உள்ள நேரான உதாரணம் அதுதான். அரைத் தூக்கத்தில் பார்த்து வீணாக்காதீர்கள்.

எக்ஸார்சிஸ்ட் வேண்டாம் என்று சொல்லக் காரணம் பயம் இல்லை. 1973-ல் வந்த அந்தப் படம் முதல் பாதியில் ஆஸ்பத்திரி, பரிசோதனை, ஒரு தாயின் தவிப்பு என்று மெதுவாகத்தான் ஏறும். ஒரு மணிக்கு மேல் சப்டைட்டில் படிக்கக் கண் ஒத்துழைக்காது. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே விக்டோரியா எட்வர்ட் மன்றத்தில் பகலில் வாசகசாலையும் சாயங்காலம் இங்கிலீஷ் படமுமாக ரீகல் தியேட்டர் இருந்த காலத்தில் பார்த்தது போல, ஒரு மாலையை அதற்கு மட்டும் ஒதுக்குங்கள். வெளிநாட்டுப் படம் ஒன்றாவது வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடித்தால், பீட்சாவுக்குப் பதில் 1968-ல் வந்த நைட் ஆஃப் தி லிவிங் டெட் போடலாம். 96 நிமிடம்தான். பெயரை மாற்றும்போது காப்புரிமை அறிவிப்பை விட்டுவிட்டதால் அமெரிக்காவில் அது பொதுச் சொத்தாகிவிட்டது. இணையத்தில் சட்டப்படியே இலவசமாகக் கிடைக்கிறது.

கருவிகளில் இரண்டு இடத்தில்தான் எல்லாரும் மாட்டுகிறார்கள். ஓடிடி படத்தைப் போனிலிருந்து புரொஜெக்டருக்கு அனுப்பினால் பல நேரம் சத்தம் வரும், படம் கருப்பாக நிற்கும். நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு அது. லேப்டாப்போ டிவி ஸ்டிக்கோ ஹெச்டிஎம்ஐ கேபிளில் நேராகப் போடுங்கள். முந்தின நாளே நான்கு படத்தையும் ஐந்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். இரண்டாவது, ப்ளூடூத் ஸ்பீக்கரில் சத்தம் கொஞ்சம் பிந்தி வரும். கதவு மூடிய பிறகு 'டமால்' கேட்டால் பயம் எப்படி வரும்? ஒயர் போட்டு, ஸ்பீக்கரைத் திரைக்குக் கீழேயே வையுங்கள். அப்புறம் மின்வெட்டு. பல்பு உள்ள புரொஜெக்டர் திடீரென்று அணைந்தால் உள்ளே மின்விசிறி ஓடாமல் பல்பு சூட்டில் கெடும். வீட்டு இன்வெர்ட்டரில் சேர்த்து, அது எத்தனை வாட் தாங்கும் என்று எலெக்ட்ரீஷியனிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்பத்தாவுக்குப் பேய்ப் படம் காட்டலாமா என்று என்னிடம் கேட்பதைவிட அவரிடமும் அவருடைய டாக்டரிடமும் கேளுங்கள். அவரிடம் கேட்கும்போது ஜெகன்மோகினி பார்த்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். பேய் தன் காலையே அடுப்பில் விறகாக வைத்துச் சமைத்ததைத் தியேட்டரில் பார்த்த தலைமுறை அது. மாடியில் முதல் படத்தின் இடைவேளையில் அந்தக் கதையை அவர் வாயால் பிள்ளைகளுக்குச் சொல்ல வையுங்கள். படுக்கையை மட்டும் ஸ்பீக்கர் சத்தம் எட்டாத பின்னறையில் போட்டுவிடுங்கள். தூக்கம் வராமல் அவரே எழுந்து ஹாலுக்கு வந்தால், சாய்ந்து உட்கார ஒரு நாற்காலி கதவுப் பக்கம் காலியாக இருக்கட்டும்.