ஸ்நேர் ட்ரம்மில் ஒரே கையால் ரோல் (இடைவெளி தெரியாமல் தொடரும் வேகமான அடிகள்) வாசிக்க முடியுமா? எப்படிப் பழகுவது?

முடியும். இதை ஃப்ரீஹேண்ட் உத்தி என்பார்கள். அமெரிக்க ட்ரம்மர் ஜானி ராப் இதைப் பரவலாக்கியவர்களில் முக்கியமானவர். டெத் மெட்டல் என்ற அதிரடி ராக் இசைக்காரர்கள் இதே அசைவை வைத்துத்தான் கிராவிட்டி பிளாஸ்ட் என்ற அதிவேக அடியை வாசிக்கிறார்கள்.

சூட்சுமம் ட்ரம்மின் உலோக விளிம்பில் இருக்கிறது. கை கீழே இறங்கும்போது குச்சியின் நுனி தோலில் விழுகிறது. கை இன்னும் கொஞ்சம் இறங்கினால் குச்சியின் தண்டு விளிம்பில் மோதி, நுனி மேலே எழும்பும். இப்போது கையை மேலே தூக்கினால், சீசா பலகை போல, நுனி மறுபடி தோலில் விழும். ஆக, ஒரு இறக்கம் ஒரு ஏற்றத்துக்கு இரண்டு அடி. நிமிடத்துக்கு 120 தாளம் என்ற வேகத்தில் ஒரு தாளத்துக்கு நான்கு அடி வேண்டுமென்றால் நொடிக்கு 8 அடி; கை 4 முறை ஏறி இறங்கினால் போதும்.

குச்சியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே தளர்வாகப் பிடியுங்கள். கை விளிம்புக்கு வெளியே இருக்கட்டும், தண்டு விளிம்பின் மேல் கிடக்கட்டும். விளிம்பில்லாத தட்டையான பயிற்சிப் பேடில் இது வரவே வராது.

பெரும்பாலும் ஏற்றத்தில் வரும் அடிதான் மெலிந்துபோகும். அதனால் முதல் சில வாரம் வேகத்தை மறந்துவிட்டு, சீரான வேகத்தில் டிக் டிக் என்று ஒலிக்கும் மெட்ரோனோம் கருவி வைத்து, இரண்டு அடியும் ஒரே சத்தத்தில் கேட்கும் வரை மெதுவாக வாசியுங்கள். அசைவு மணிக்கட்டிலிருந்தும் முன்கையிலிருந்தும் வர வேண்டும். முன்கை இறுகினாலோ வலித்தாலோ உடனே நிறுத்திவிடுங்கள், வலியோடு பழகாதீர்கள்.